காணாமற்போனவரின் பங்கு

மரணத்துக்கு நம்மிடையே ஒரு முறை உண்டு. மவுத்துச் செய்தி பள்ளிவாசலில் அறிவிக்கப்படுகிறது. கேட்டவர்கள் ‘இன்னா லில்லாஹி’ ஓதுகிறார்கள். குளிப்பாட்ட ஆள் வருகிறது, கபன் துணி வருகிறது, சந்தூக்கு வருகிறது. தோள் கொடுப்பதில் உறவு, பகை என்ற பேதம் பார்ப்பதில்லை. கப்ரில் மூன்று பிடி மண் இட்டுத் திரும்பிய பின் அண்டை வீட்டார் சோறு சமைத்துக் கொண்டு வருவர். மனைவிக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாட்களும் என்று கணக்கு இருக்கிறது. அது முடிந்ததும் அவள் தன் வாழ்வைத் தொடர மார்க்கமும் ஊரும் அவளுக்கு அனுமதி தந்துவிடுகின்றன. துயரம் பெரிதுதான், ஆயினும் அதற்கு ஒரு கரை உண்டு.

ஒருவர் காணாமற்போனால் இவற்றுள் ஒன்றும் இல்லை. கடைக்குப் புறப்பட்டவர் வரவில்லை. கடலுக்குப் போனவர் கரையேறவில்லை. அயல்நாட்டிலிருந்து வாராவாரம் வந்துகொண்டிருந்த செய்தி ஒருநாள் நின்றுபோகிறது. முதல் வாரம் ஊரே திரண்டு தேடுகிறது. இரண்டாம் மாதம் நெருங்கிய உறவினர் மட்டும் தேடுகின்றனர். ஓராண்டு சென்றபின் அந்த வீட்டு வாசலைக் கடப்பவர்கள், எதைக் கேட்பது, எதைக் கேட்காமலிருப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். எந்த முஸீபத்துக்கும் ஓதத் தகுந்த ‘இன்னா லில்லாஹி’யைக்கூட அங்கே சொல்ல நா எழுவதில்லை. மவுத்துக்கு மட்டுமே அதைக் கேட்டுப் பழகிய தாயின் காது அதை வேறு விதமாகக் கேட்டுவிடுமே என்ற அச்சந்தான் காரணம்.

அரபியில் இவ்வாறு காணாமற்போனவரை ‘மஃப்கூத்’ என்பர். எங்கே இருக்கிறார் என்பதும், உயிரோடு இருக்கிறாரா மவுத்தாகிவிட்டாரா என்பதும் தெரியாதவரே மஃப்கூத் என்று ஃபிக்ஹு நூல்கள் இலக்கணம் கூறும். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலாகிய ‘ஹிதாயா’வில் இவருக்கென்றே தனிப் பாடம் ஒன்று உளது. கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றிய பாடம் முதலில் வரும். கண்டெடுத்த பொருளைப் பற்றியது அடுத்தது. ஓடிப்போன அடிமையைப் பற்றியது அதன் பின். அதற்குப் பிறகே காணாமற்போன மனிதரைப் பற்றிய பாடம். முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு அப்பாடத்தைச் சொல்லி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதன் மையமான விதி என்னை நிறுத்தி வைக்கும்.

அவ்விதி இதுதான். தம் சொத்தைப் பொறுத்தவரை மஃப்கூத் உயிரோடிருப்பவர். ஆதலால் வாரிசுகள் அதைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. பிறருடைய சொத்தைப் பொறுத்தவரை அவர் இறந்தவரைப் போன்றவர். ஆதலால் இடைக்காலத்தில் அவருடைய தந்தையோ உறவினரோ மரணமுற்றால், அவருக்குரிய பங்கு அவர் கணக்கில் சேர்ந்துவிடாது. ஆனால் மற்றவர்களும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உண்மை வெளிப்படும் வரை அது நிறுத்தி வைக்கப்படும். காஜி ஒரு காப்பாளரை நியமித்து அவருடைய பொருளைப் பாதுகாக்கச் செய்வார். அப்பொருளிலிருந்து அவருடைய மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வாழ்க்கைச் செலவு அளிக்கப்படும்.

ஒரே மனிதர் ஒரு கணக்கில் இருப்பவர், மறு கணக்கில் இல்லாதவர். தர்க்க நூல் பயின்றவருக்கு இது முரணாகத் தோன்றலாம். காத்திருக்கும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது. அங்கே ஒரு தாய் இரவில் கதவைத் தாழிடாமல் படுக்கிறாள். விடிந்ததும் அவன் பெயருக்கு யாசீன் ஓதலாமா என்று ஆளனுப்பிக் கேட்கிறாள். அவள் மனத்திலும் மகன் இரண்டு கணக்கிலும் இருக்கிறான். இறப்பு, இருப்பு என்னும் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு நிலை உண்டென்று ஒப்புக்கொண்டு, அந்நிலையில் உள்ளவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் உரிமைகளை வகுத்துக் கொடுத்ததே நம் சட்ட மேதைகள் செய்த பேருபகாரம். அவர்கள் ஒப்புக்கொண்டதை நம் தெருக்கள் ஒப்புக்கொள்வதில்லை. துன்பம் அங்கேதான் இரட்டிப்பாகிறது.

பொருநைக் கரையின் கதை

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரைகளிலும், அதன் துணையாறான சிற்றாற்றின் பக்கங்களிலும் உள்ள நம் ஊர்கள் மனிதரை வெளியே அனுப்பி வாழ்ந்த ஊர்கள். காயல்பட்டினத்தார் கொழும்புக்குச் சென்றனர். கடையநல்லூர், தென்காசிப் பகுதியினர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். மேலப்பாளையத்தின் தறிகளை விட்டு ரங்கூனுக்குக் கப்பலேறியவர்கள் பலர். பின்னாளில் அவர்களுடைய பேரர்கள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். போனவர் திரும்புவார் என்ற நம்பிக்கையே இவ்வூர்களின் முதலீடு.

அந்த நம்பிக்கை ஒட்டுமொத்தமாக உடைந்த காலம் 1942. அதற்கு முந்திய டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். மார்ச் மாதத்தில் நகரம் அவர்கள் கைக்குப் போயிற்று. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலைவழியாகவும், தம்மு வழியே மணிப்பூருக்கும் கால்நடையாக நடந்தனர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் வழியில் பலியானவர்கள் பல்லாயிரம் என்பர். பெயர்ப் பட்டியல் எவரிடமும் இல்லை. அடுத்த ஆண்டில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய வரிசை இல்லை. பெயர் எழுதாத மரணம் என்பது, ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு மரணமே அன்று, முடிவில்லாத காத்திருப்பு.

என் உம்மும்மாவின் மூத்த சகோதரியை நாங்கள் பெரிய உம்மும்மா என்று அழைப்போம். மேலப்பாளையத்தில் ஒரு தறிக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் ரங்கூனில் ஒரு கூட்டுக்கடையில் இருந்தார். 1941ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி அவர் அனுப்பிய பணமும் கடிதமுமே கடைசி. அப்போது பெரிய உம்மும்மாவுக்கு வயது இருபத்தாறு; கையில் இரண்டு குழந்தைகள். நடந்து வந்து சேர்ந்தவர்களிடமெல்லாம் விசாரித்தனர். ஒருவர் கடை எரிந்ததைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் அவரைக் கப்பல் துறையில் கண்டதாகச் சொன்னார். மூன்றாமவர், அவர் அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணை மணந்துகொண்டு தங்கிவிட்டார் என்றார். மூன்று செய்திகளுக்கும் சாட்சி இல்லை.

தெருவில் வழக்கு எழுந்தது பெரிய உம்மும்மாவின் கழுத்தில் கிடந்த கருகமணியைப் பற்றி. மூன்றாண்டு கழிந்தும் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது தகுமா என்று ஒரு சாரார் கேட்டனர். கழற்றினால் கணவரின் மவுத்தைத் தானே அழைத்ததாகும் என்று மறுசாரார் அஞ்சினர். நல்லது பொல்லாததற்கு அழைப்பதா, கூடாதா என்பதிலும் குழப்பம். திருமண வீட்டில் அவரைச் சுமங்கலிகள் வரிசையிலும் நிறுத்தவில்லை. வெள்ளை உடுத்திய கைம்பெண்களுடனும் உட்கார வைக்கவில்லை. அவரே ஒருநாள் முடிவாகச் சொன்னாராம்: “மவுத்துன்னு சொல்ல ஒரு ஆளு வரட்டும், நானே கழத்தித் தாரேன்.” அந்த ஆள் வரவேயில்லை. 1988இல் அவர் மறைந்தபோது குளிப்பாட்டியவர்கள்தாம் அக்கருகமணியைக் கழற்றினர்.

இதனிடையே 1946இல் அவருடைய மாமனார் காலமானார். காணாமற்போனவரோடு சேர்த்து ஆண்மக்கள் நால்வர். ஒரு வீடும் நான்கு குழித்தறிகளுமே அவர் விட்டுச் சென்ற சொத்து. ‘ரங்கூன்காரர் பங்கை என்ன செய்வது?’ என்று சகோதரர்கள் ஊரிலிருந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டனர். அவர் மேலே கூறிய சட்டத்தை எடுத்துரைத்தார்: “அந்தப் பங்கை எவரும் தொடாதீர்கள். தறியைச் சும்மாவும் போடாதீர்கள். யார் நெய்தாலும் வாடகையைத் தனியே எடுத்து வையுங்கள்.” அவ்வாறே நான்காவது தறி ஓடியது. சில ஆண்டுகளில் அதில் உட்கார்ந்து நெய்தவன் காணாமற்போனவரின் மகனே. தன் வாப்பாவின் தறிக்குத் தானே வாடகை கட்டி நெய்தான். அவ்வாடகை ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தது.

சட்டத்தின் இன்னொரு முனையும் இருக்கிறது. காணாமற்போனவர் இறந்தவர் என்று இறுதியில் தீர்ப்பாகுமானால், நிறுத்தி வைத்த பங்கு தந்தை இறந்த நாளில் இருந்த மற்ற வாரிசுகளுக்கே திரும்பும். பேரப்பிள்ளைகளுக்கு அதில் வாரிசுரிமை இல்லை. இதை அறிந்துகொண்ட சிறிய தந்தையர் மூவரும், தங்களுக்கு வரக்கூடிய உரிமை எதுவாயினும் அதை அண்ணன் மகனுக்கே ஹிபாவாக எழுதிக் கொடுத்தனர். சட்டம் அந்தப் பங்கைக் காத்து நின்றது. சகோதர வாஞ்சை அதை உரிய கையில் சேர்த்தது. ஒரு குடும்பம் இத்துயரத்தைத் தாங்கி நின்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தத் தறியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்த வரையில், அவரை எவரும் மறந்துவிட்டதாகவோ கொன்றுவிட்டதாகவோ பெரிய உம்மும்மாவுக்குத் தோன்றவில்லை.

மனைவியின் வழி

ஆயினும் இந்தக் கதையில் ஒரு குறை எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. பங்கைப் பற்றிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு மார்க்கத்தில் என்ன வழி இருக்கிறது என்று கேட்டவர் எவருமில்லை.

வழி இருந்தது. கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கிரந்தங்கள் கூறுகின்றன. அன்ஸாரிகளில் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் புறப்பட்டார், திரும்பவில்லை. அவருடைய மனைவி கலீபாவிடம் முறையிட்டாள். கலீபா முதலில் செய்தது விசாரணை. அவளுடைய மக்களை அழைத்து அவள் சொல்வது மெய்தானா என்று கேட்டார்கள். பிறகு நான்கு ஆண்டுகள் காத்திருக்கச் சொன்னார்கள். அதன்பின் இத்தா இருந்து, வேறொருவரை மணந்துகொள்ள அனுமதித்தார்கள். பின்னர் முதற் கணவர் திரும்பி வந்தார். தம்மை ஜின்கள் கொண்டுபோய்விட்டதாகக் கூறினார். மனைவியை ஏற்பதா, கொடுத்த மஹரைத் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கலீபா அவருக்கு அளித்தார்கள். அப்பெண்ணின் மீது எவ்விதக் குற்றமும் சுமத்தப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இமாம் மாலிக் அவர்கள் இந்நான்காண்டுத் தீர்ப்பைத் தம் மத்ஹபின் சட்டமாகக் கொண்டார்கள். ஹனஃபி இமாம்களோ, அவள் சோதனைக்கு ஆளான பெண், உண்மை தெளியும் வரை பொறுத்திருக்கட்டும் என்ற கருத்துடைய அலீ (ரலி) அவர்களின் கூற்றை ஏற்றனர். ஊரில் அவருடைய ஒத்த வயதினர் எல்லாரும் மறையும் காலம் வரை, சிலர் கணக்கில் 90 ஆண்டு, சிலர் கணக்கில் 120 ஆண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று. இமாம் ஷாஃபிஈ அவர்களின் பழைய கருத்து நான்காண்டு. புதிய கருத்து, உறுதி கிடைக்கும் வரை. ஹன்பலி மத்ஹபினர் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டினர்: வியாபாரம் போன்று பத்திரமாக இருக்கவே கூடிய பயணத்தில் மறைந்தவர் வேறு, கப்பல் உடைந்தோ, போரிலோ, தொழுகைக்குச் சென்று திரும்பாமலோ மறைந்தவர் வேறு. பின்னவருக்கு நான்காண்டு போதும் என்றனர். நம் பள்ளத்தாக்கில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அடுத்தடுத்த தெருவில் வாழ்கின்றனர். இரு சாராருக்கும் இது புத்தகச் செய்தி அன்று.

1930களின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள், வழியற்று நின்ற மனைவியரின் துன்பத்தைக் கண்டு, மதீனாவின் மாலிகி உலமாக்களிடம் ஃபத்வாக்கள் பெற்று, ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார்கள். ஹனஃபிகள் தேவை கருதி மாலிகிச் சட்டத்தை மேற்கொள்ளலாம் என்பதே அதன் முடிவு. அதன் தொடர்ச்சியாக வந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு ஆண்டுகளாகக் கணவன் இருக்குமிடம் தெரியாதிருந்தால் மனைவி நீதிமன்றத்தில் ஃபஸ்கு கோரலாம். இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் இல்லாதிருந்தாலும் கோரலாம். கணவனின் வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவனுடைய சகோதரரும் சிறிய, பெரிய தந்தையரும் இருந்தால் அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும். கணவன் காணாமற்போனதைக் காரணமாகக் கொண்ட தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் வந்து இல்லறக் கடமைகளை ஏற்க முன்வந்தால் தீர்ப்பு இரத்தாகும். ஒரு பக்கம் பெண்ணுக்குக் கதவைத் திறந்து, மறுபக்கம் வரக்கூடியவருக்கும் அதைச் சற்றே திறந்து வைத்த சட்டம் இது.

1942இல் இச்சட்டத்துக்கு வயது மூன்று. பெரிய உம்மும்மா அதை விரும்பியிருப்பாரா என்பது வேறு, விரும்பாமலே இருந்திருக்கலாம். ஆனால் இருக்கும் வழியை அறிந்து வேண்டாமென்று இருப்பது பொறுமை. வழியே தெரியாமல் இருப்பது சிறை. காஷ்மீரில் கணவர் மறைந்துபோன பெண்களைப் ‘பாதி விதவைகள்’ என்று அழைத்தனர். அவர்கள் நான்காண்டுக்குப் பின் மறுமணம் செய்யலாம் என்று அங்குள்ள உலமாக்கள் ஒன்றுகூடி 2013 டிசம்பரில் அறிவித்தனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கலீபா சொன்னதை மீண்டும் சொல்ல அவ்வளவு காலம் பிடித்தது.

அரசின் கணக்கு

நாட்டுச் சட்டத்தின் கணக்கு ஏழு ஆண்டு. ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லையாயின், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் தொடர்கிறது. இதில் குடும்பங்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இறந்தார் என்று கருதலாம் என்றுதான் சட்டம் கூறுகிறது. எந்த நாளில் இறந்தார் என்று கூறுவதில்லை. ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. காணாமற்போன அன்றே இறந்தார் என்று எண்ணிக்கொண்டு தவணை கட்டாமல் விட்டவர்கள் இழப்புக்கு ஆளாயினர். ஆகவே காத்திருக்கும் காலத்தில் காப்பீட்டுத் தவணையை நிறுத்தக் கூடாது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். ஏழாண்டுக்குப் பின் நீதிமன்றத்தில் பேசும் முதல் தாள் அதுவே. காணாமற்போனது குழந்தையாயின், புகார் வந்ததுமே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டிருக்கிறது.

ஏழாண்டு என்பது பசித்த வீட்டுக்கு நீண்ட காலம். 2017 நவம்பர் இறுதியில் ஒகி புயலில் நம் அண்டை மாவட்டமாகிய கன்னியாகுமரியின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய குடும்பங்களை ஏழாண்டு காக்க வைக்காமல் அரசு உதவித்தொகை வழங்க முன்வந்தது. கடலில் புயலுக்கிடையே மறைந்தவரின் நிலை வேறு என்று ஹன்பலி நூல்கள் சொன்ன அதே நியாயம் இது.

இலங்கையில் இன்னொரு படிப்பினை கிடைக்கிறது. 1990 ஜூலையில் மட்டக்களப்பு–கல்முனைச் சாலையில் குருக்கள்மடத்தருகே கடத்தப்பட்ட முஸ்லிம் பயணிகளின் குடும்பத்தாரும், 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் சாலையோரம் அமர்ந்து தம் பிள்ளைகளைக் கேட்ட தமிழ்த் தாய்மாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எங்கே?’ மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டால் உதவி கிடைக்கும் என்றபோது, அதில் கையெழுத்திடப் பல தாய்மார் மறுத்தனர். தம் பிள்ளையின் மரணத்துக்குத் தாமே சாட்சி சொல்வதாக அது அவர்களுக்குத் தோன்றிற்று. அதனால் 2016இல் அந்நாட்டுச் சட்டம், ‘இறந்தார்’ என்று சொல்லாமல் ‘காணக்கிடைக்கவில்லை’ என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்தை ஏற்படுத்திற்று. அவர்களுடைய கேள்விக்கு அது விடையாகாது. ஆயினும் மஃப்கூத் என்ற மூன்றாவது நிலையை ஓர் அரசு தாளில் எழுதி ஏற்றது என்ற அளவில் அது குறிப்பிடத் தக்கது.

பொய் இரத்தச் சட்டை

உள்ளத்தின் கணக்கை எந்த நீதிமன்றமும் தீர்க்காது. அதற்கு நாம் யஃகூப் (அலை) அவர்களின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். திருமறையில் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அழகிய மகனின் கதையாகவே நாம் ஓதி வந்திருக்கிறோம். காத்திருந்த தந்தையின் கதையாக ஒருமுறை ஓதிப் பாருங்கள்.

மகன் மறைந்த அன்றே அவர்களிடம் ஒரு சான்று கொண்டுவரப்பட்டது: இரத்தம் தோய்ந்த சட்டை. அது பொய் இரத்தம். அவர்கள் அதை நம்பவில்லை. ஆனால் மகன் எங்கே என்பதும் தெரியவில்லை. அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள். அந்தப் பொறுமை அழாத பொறுமை அன்று. அழுது அழுது கண்பார்வையே போயிற்று. இன்னுமா அந்த மகனை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வீட்டாரே கடிந்தனர். தம் துயரத்தை இறைவனிடம் முறையிட்டுக்கொள்வதாக அவர்கள் விடை சொன்னார்கள். பல்லாண்டு கழிந்த பின்னும், போய்த் தேடுங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பினார்கள். அழுவது, பொறுப்பது, தேடுவது ஆகிய மூன்றும் ஒரே உள்ளத்தில் ஒரே காலத்தில் இருக்கலாம் என்பதற்கு ஒரு நபியின் வாழ்வே சாட்சி.

பொய் இரத்தச் சட்டைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ‘பம்பாயில் ஒரு ஹோட்டலில் பார்த்தேன்’ என்பார் ஒருவர். வீட்டார் நகையை அடகு வைத்து ரயிலேறுவர். மை போட்டுப் பார்ப்பவர் ‘தெற்குத் திசையில் தண்ணீருக்கருகே’ என்பார். ஆறும் குளமும் கடலும் சூழ்ந்த நம் நாட்டில் தண்ணீருக்கருகே இல்லாத இடம் எது? பால் கிதாபு பார்த்து, ‘நாற்பது நாளில் வருவார்’ என்று சொல்லிக் காசு வாங்குவோர் நம்மவரிலும் உண்டு. நாற்பத்தோராம் நாள் அந்த வீட்டில் நிகழ்வது இரண்டாவது இழப்பு. மறைவானதை அறிந்தவன் இறைவன் ஒருவனே என்று நம்பும் சமுதாயத்தில் இந்த வியாபாரம் நடப்பது பொறுக்கத் தக்கதன்று.

அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இந்நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இக்குடும்பங்கள் மனம் பேதலித்தவை அல்ல. அவர்கள் அகப்பட்டிருக்கும் நிலைதான் பேதலிக்கச் செய்வது என்பது அவர் கண்ட முடிவு. வந்தாலும் வருவார், வராமலும் போகலாம் என்று இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகியவர்களே ஓரளவு நிமிர்ந்து நடக்கின்றனர் என்கிறார். இரண்டில் ஒன்றை ஏற்கும்படி அவர்களை வற்புறுத்துவது தீங்கு என்றும் கூறுகிறார். ஹிதாயாவின் பாடத்தை அவர் படித்திருக்க மாட்டார். ஆயினும் வேறு பாதையில் அதே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

எந்தத் துஆ?

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நான் முடித்தபோது, பின்வரிசையிலிருந்த ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய தந்தை வேலை தேடிச் சென்ற இடத்தில் மறைந்துபோய் ஆறாண்டு ஆகிறது என்பதை நான் அறிவேன். “ஹஸ்ரத், வீட்டில் உம்மா ஒவ்வொரு வக்திலும் கேட்கிறார்கள். வாப்பாவுக்கு என்ன துஆச் செய்வது? ஸலாமத்தாகத் திரும்பி வர வேண்டும் என்றா, மஃபிரத் கிடைக்க வேண்டும் என்றா? ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கைவிட்டதாகத் தோன்றுகிறதாம்.”

வகுப்பு அமைதியாயிற்று. நான் சொன்னேன்: “மஃபிரத் இறந்தவருக்கு மட்டும் உரியதென்று யார் சொன்னது, தம்பி? உனக்கும் எனக்கும் அது இன்றே தேவை. ரஹ்மத்தும் அப்படியே. இவ்விரண்டையும் வாப்பாவுக்காகக் கேட்கச் சொல். அவர் எங்கிருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும் அது அவருக்குரியதே. திரும்பி வர வேண்டும் என்றும் தாராளமாகக் கேட்கட்டும், அதுவும் ஆகுமானதே. ஜனாஸாத் தொழுகையில் நாம் ஓதும் துஆவை நினைத்துப் பார். உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் மன்னிப்புக் கேட்ட கையோடு, இங்கே இருப்போருக்கும் இங்கே இல்லாதோருக்கும் கேட்கிறோமே. அந்த ‘இல்லாதோர்’ என்ற சொல்லில் உன் வாப்பாவுக்கு இடம் இருக்கிறது.” மறுவாரம் அவர் வந்து, உம்மா இப்போது சிரமமின்றித் துஆச் செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

வேறென்ன செய்யலாம்? மஹல்லாக்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. புகார் எழுதவும் தாள்களைத் தேடவும் எழுத்தறிந்த ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்பலாம். ஜமாஅத்துப் பதிவேட்டில் அவர் பெயரை அடிக்காமல் வைக்கலாம். குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது அவருடைய பங்கை ஒதுக்கி வைக்கவும், அதிலிருந்து மனைவி மக்கள் உண்ணவும் பெரியவர்கள் நின்று வழி செய்யலாம். நான்காண்டு கழிந்த பெண்ணிடம், மார்க்கத்திலும் நாட்டுச் சட்டத்திலும் அவளுக்குள்ள உரிமையை, ஒரு பெண்ணைக் கொண்டு, பணிவோடு எடுத்துச் சொல்லலாம். அதன்பின் அவள் எதைத் தேர்ந்தாலும் வாய் திறவாமலிருக்கலாம். காத்திருந்தால் பைத்தியம் என்றும், மணந்துகொண்டால் கல்நெஞ்சம் என்றும் சொல்லும் நாவை அடக்குவதும் ஸதகாதான். பெருநாளன்று அந்த வீட்டுக்குப் போய், காணாமற்போனவரின் பெயரைச் சொல்லி நலம் கேட்கலாம். பெயரைக் கேட்டால் அவர்கள் அழுவார்களே என்று அஞ்ச வேண்டா. அந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டதோ என்ற எண்ணமே அவர்களை அதிகம் அழ வைக்கிறது.

வல்ல நாயன் காணாமற்போனோர் அனைவர் மீதும், அவர்கள் எங்கிருப்பினும், தன் ரஹ்மத்தைச் சொரிவானாக. காத்திருப்போருக்கு யஃகூப் நபியின் பொறுமையையும், சுற்றியிருக்கும் நமக்கு அவர்களைக் காக்கும் அறிவையும் தருவானாக. ஆமீன்.